பத்தமடைப் பாய்க்குச் சொல்கிற விலை நியாயமானதா?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் போட்ட பத்தமடைப் பாய் வாங்க நினைக்கிறோம். பல ஆயிரம் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இந்த விலை நியாயமா?

நியாயம்தான். இன்னும் கூடக் கேட்கலாம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சேரன்மகாதேவி தாண்டியதும் பத்தமடை வரும். கன்னடியன் கால்வாயிலிருந்து பத்து மடைகள் பிரிந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊரும் இதுதான். ஆனால் பத்தமடை என்று சொன்னதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது பாய்தான்.

என் கல்யாணத்துக்குப் பாய் சொல்ல அம்மாவோடு போயிருந்தேன். அங்கே நெய்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் பெண்கள். வீட்டுத் திண்ணையில் வயதான ஒரு அம்மா பாய்க்கான கோரைப் புல்லைக் கீறிக்கொண்டிருந்தார். "உக்காருங்க தம்பி, தறியப் பொறவு பாக்கலாம், இத மொதல்ல பாருங்க" என்றார். தறியைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். கடைசியில் அரை மணி நேரம் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோரைத் தண்டு உருண்டையாக இருக்காது, முக்கோணமாக இருக்கும். நுனியில் கத்தியை வைத்து ஒரு கீறல், பிறகு விரலாலேயே இழுத்துப் பிளக்கிறார். உள்ளே வெள்ளையாக இருக்கும் சோறு மாதிரியான பகுதி போய்விட வேண்டும், மேல்தோல் மட்டும்தான் பாய்க்கு. அந்தத் தோலையும் மறுபடி பிளக்கிறார், அதையும் மறுபடி. கடைசியில் கையில் நின்றது தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நான் ஒன்றை எடுத்துக் கீறிப் பார்த்தேன், பாதி வழியிலேயே ஒரு பக்கமாக ஓடி அறுந்துவிட்டது. "கத்தியப் பாக்கக் கூடாது, கோரையப் பாக்கணும்" என்றார். அவர் கத்தியைப் பார்க்கவே இல்லை.

இதற்கு முன்பே எவ்வளவோ வேலை முடிந்திருக்கும். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். தண்டு நன்றாக உப்பிவிடும். எடுத்து மறுபடி காயவைத்தால்தான் ஒடியாமல் வளையும். சாயம் அதற்குப் பிறகு. முன்பெல்லாம் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையை வேகவைத்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான்.

தறி தரையோடு தரையாக இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே போகும் ஊடை கோரை. சேலைத் தறியில் ஊடை நூல் அறாமல் போய்த் திரும்பி வரும். இங்கே அப்படி முடியாது, கோரைக்கு அவ்வளவு நீளம் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஒரு கோரையை நீளமான குச்சியில் மாட்டி உள்ளே விட்டு, சீப்பு மாதிரி இருக்கும் அச்சை இழுத்து நெருக்க வேண்டும். ஆறடிப் பாயில் எத்தனை வரி வரும் என்று யோசித்துப் பாருங்கள். உயர்ந்த ரகத்தைப் பட்டுப்பாய் என்பார்கள், நெசவின் நுண்மையைக் காட்டும் 'கவுண்ட்' என்ற அளவு அதில் 100-லிருந்து 140 வரை போகும். ஒரு பாய் முடியப் பல வாரம் ஆகும். இப்படிப்பட்ட பாய் ஒன்று 1953-ல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போனது என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

இது நம் பக்கத்துக்கு மட்டும் உரிய கலை இல்லை. மேற்கு வங்கத்தில் மேதினிப்பூர் பக்கம் இதே கோரைக் குடும்பத்துப் புல்லில் 'மஸ்லந்த்' என்று மெல்லிய பாய் நெய்கிறார்கள். அரியணையைக் குறிக்கும் 'மஸ்னத்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்கே கோரையைப் பிளக்கப் பல்லையும் பயன்படுத்துவார்களாம். எந்த ஊரானாலும் பாயின் மென்மை தறிக்கு வருவதற்கு முன்பே, பிளக்கும் கையில் தீர்மானமாகிவிடுகிறது. விலை பேசும்போது மட்டும் அந்த வேலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 'நெய்ய எத்தனை நாள் ஆச்சு' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம்.

ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சில வருடம் முன்பு வெளியூரில் ஒரு கடையில் பத்தமடை என்று சொல்லி அத்தை ஒரு பாய் வாங்கி வந்தார். இயந்திரத் தறியில் நெய்த தடிக் கோரைப் பாய் அது. மடித்ததும் மடிப்பில் பொட்டுப் பொட்டென்று ஒடிந்தது. நல்ல பட்டுப்பாய் துணி மாதிரி மடியும், மடித்த இடத்தில் ஒடியாது. வாங்கும் முன் ஓரத்தை மடித்துப் பாருங்கள், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் பாருங்கள். சாதாரண உபயோகத்துக்குத் தடி ரகப் பத்தமடைப் பாயே போதும், விலையும் குறைவு. ஆனால் கல்யாணத்துக்கு என்றால் பட்டுப்பாயே வாங்குங்கள்.

முடிந்தால் நேரில் ஊருக்கே போய் நெய்கிற வீட்டில் சொல்லுங்கள், பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மழைக்காலம் என்றால் கோரை காய நாளாகும், இன்னும் முன்னாடியே போக வேண்டும். வாங்கிய பாயை ஈரத்தோடு சுருட்டி பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மாப்பிள்ளை, பெண் பெயரையும் தேதியையும் போனில் சொல்லாமல், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் இரண்டு பேர் சரிபார்த்துக் கொடுங்கள். தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் பாயில் விழும்.