கேள்வி பதில்: ஆராய்ச்சி பண்ணப் போனவரை உளவாளின்னு பிடிச்சா யார் பேசணும்?

கேள்வி: வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சியாளரை உளவாளின்னு கைது பண்ணிட்டா, "வெளிய மூச்சு விடாதீங்க, உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்"னு குடும்பத்துக்கிட்ட சொல்லிடுறாங்களாமே. அது சரிதானா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: எனக்கு அது சரின்னு படலம்மா. நடந்ததையே சொல்றேன். ஷியூ வாங், அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில வரலாறு பிஎச்டி மாணவர், கஜார் ராஜாக்கள் காலத்து ஆவணங்களைப் பார்க்க ஈரான் போனவர், 2016 ஆகஸ்ட்ல பிடிச்சாங்க. கஜார் ஆட்சி 1925லயே முடிஞ்சு போச்சு, அதாவது கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் பழைய பேப்பர். 4,500 பக்கத்தை டிஜிட்டலா சேர்த்து வச்சிருந்தார்னு அதையே குத்தமா சொன்னாங்க. ஆவணக் காப்பகத்துல, அதாவது ஆர்க்கைவ்ல, ஒரு வாரம் உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும், நமக்குக் கிடைக்கிற நாள் கொஞ்சம், அங்கயே படிச்சு முடிக்க முடியாது, அதனால கட்டைப் பிரிச்சு ஒவ்வொரு தாளா போட்டோ எடுத்து பேர் போட்டு சேவ் பண்ணிக்கிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து மாசக்கணக்குல உட்கார்ந்து படிப்போம், வேலையே அதுதான். அவரை உள்ள வச்சது கிட்டத்தட்ட ஒரு வருஷம் வெளிய யாருக்குமே தெரியாது. 2017 ஜூலைல ஈரான் தரப்பே அறிவிச்சாங்க, 10 வருஷம்னு. வாயை மூடிக்கிட்டு இருந்த அந்த ஒரு வருஷத்துல தண்டனையே குடுத்து முடிச்சுட்டாங்க.

ஆஸ்திரேலியாவோட கைலி மூர் கில்பர்ட் கதையும் அப்படித்தான். மெல்போர்ன் யுனிவர்சிட்டில பாடம் எடுத்தவங்க, ஈரான்ல கோம் நகரத்துல ஒரு மாநாட்டுக்குப் போய்ட்டு 2018 செப்டம்பர்ல ஊருக்குக் கிளம்புறப்ப தெஹ்ரான் ஏர்போர்ட்ல பிடிச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சுத்தான் செய்தியே வெளிய வந்துச்சு. 804 நாள் உள்ள இருந்தாங்க. ரகசியமாவே வச்சிருந்தது தனக்கு உதவலன்னு திரும்பி வந்தப்புறம் அவங்களே வெளிப்படையா சொன்னாங்க.

இப்ப மத்தியூ ஹெட்ஜஸ். இங்கிலாந்துல டர்ஹாம் யுனிவர்சிட்டி பிஎச்டி மாணவர், 2018 மே 5 துபாய் ஏர்போர்ட்ல பிடிச்சாங்க, மாசக்கணக்கா தனி அறை. அக்டோபர்ல அவர் மனைவி டேனியலா தேஜாதா பொறுத்தது போதும்னு பத்திரிகைகள்ட்ட பேச ஆரம்பிச்சாங்க. நவம்பர் 21 ஆயுள் தண்டனை, தீர்ப்பு சொன்ன விசாரணை அஞ்சு நிமிஷம் கூட நடக்கல, வக்கீலும் கூட இல்ல. நவம்பர் 26 மன்னிப்பு குடுத்து விட்டுட்டாங்க. சத்தம் போட்டதாலதான் வந்தார்னு ஒரே வார்த்தைல சொல்லிட முடியாது, துபாய் இருக்கிற ஐக்கிய அரபு அமீரகம் பிரிட்டனோட நெருக்கமான நாடுங்கறதால அவங்களுக்கு கெட்ட பேர் உறைச்சுது. ஈரான் விஷயத்துல சத்தம் போட்டா ஆளை விடுறதுக்கு அவங்க பேசுற பேரத்தோட விலைதான் ஏறும்னு சொல்றவங்களும் இருக்காங்க, அந்த பயத்தை நான் லேசா எடுத்துக்கல. ஆனா பேசாம இருந்தப்பவும் விலை ஏறத்தான் செஞ்சுது.

கேள்வி: அவங்க நிஜமாவே உளவு பாக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்சவங்கன்னா தப்பே பண்ண மாட்டாங்களா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நியாயமான கேள்வி, மழுப்பாம சொல்றேன். அப்படிப் பண்ணவங்க இருக்காங்க. 2022 அக்டோபர்ல நார்வேல ட்ரோம்சோ யுனிவர்சிட்டில பிரேசில் ஆராய்ச்சியாளர்னு இருந்த ஒருத்தரைப் பிடிச்சாங்க, கடைசில அவர் மிகயில் மிகுஷின்னு ஒரு ரஷ்யர், அதை அவரே ஒத்துக்கிட்டார். 1919லயே மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் தன்னோட துறைக்காரங்க நாலு பேர் ஆராய்ச்சிங்கற பேர்ல அமெரிக்காவுக்கு உளவு பாத்தாங்கன்னு பத்திரிகைக்கு லெட்டர் எழுதினார். ஒருத்தர் அப்படிப் பண்ணா அதுக்கப்புறம் போற அத்தனை பேரையும் சந்தேகமாத்தான் பாப்பாங்கங்கறது அவரோட ஆத்திரம். அமெரிக்க மானுடவியல் சங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா, உளவு பாத்தவங்களை விட்டுட்டு போவாஸைக் கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு! அதை ரத்து பண்ணவே 2005 ஆயிடுச்சு. இன்னைக்கு ஆர்க்கைவ்ல உட்கார்ந்திருக்கிற ஒரு மாணவியோட கழுத்துல தொங்குற சந்தேகத்துல அரசாங்கங்களுக்கும் பங்கு இருக்கு.

அதனால நான் கேக்குறது கண்ணை மூடிக்கிட்டு நம்புங்கன்னு இல்ல. குத்தம்னா சாட்சியைக் காட்டுங்க, அவங்களே தேர்ந்தெடுத்த வக்கீலை விடுங்க, கதவைத் திறந்து வச்சு விசாரிங்க. இன்னொண்ணு, அந்த வேலை தெரிஞ்சவங்களைக் கேளுங்க. இது ரொம்ப முக்கியம். அமெரிக்காவுலயே 2015 மே மாசம் டெம்பிள் யுனிவர்சிட்டி இயற்பியல் பேராசிரியர் ஷியாவ்ஷிங் ஷியை வீட்டுக்கே துப்பாக்கியோட வந்து கைது பண்ணாங்க, பாக்கெட் ஹீட்டர்ங்கற ஒரு ஆய்வுக்கூடக் கருவியோட வரைபடத்தை சீனாவுக்கு அனுப்பிட்டார்னு. அந்தக் கருவியைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் உள்பட துறை வல்லுநர்கள் பாத்துட்டு, இது அந்தக் கருவியே இல்ல, வேற சமாச்சாரம்னு எழுதிக் குடுத்தாங்க. செப்டம்பர்ல கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க. போலீஸ்காரருக்குப் புரியாத வரைபடம், புரிஞ்சவங்க நாலு பேர் கையெழுத்து போட்டதும் கேஸ் நிக்கல. கோர்ட்னு ஒண்ணு கேக்குற எடத்துல இருந்ததால அது நடந்துச்சுங்கறதும் உண்மை.

கேள்வி: ஒரு யுனிவர்சிட்டியால என்னதான் பண்ண முடியும்? அவங்க என்ன ராணுவமா வச்சிருக்காங்க?
- ஒரு கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: சார், ராணுவம் வேண்டாம், ஒத்துழைப்பை நிறுத்தி வைக்கலாமே. ஹெட்ஜஸுக்கு ஆயுள் தண்டனைன்னதும் பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டி ஆசிரியர் சங்கம் எங்க துபாய் வளாகத்து வேலையைப் புறக்கணிக்கிறோம்னு ஓட்டுப் போட்டாங்க. அவர் அங்க வேலை பார்த்தவர் கூட இல்ல.

பாரிஸ்ல 'ஸியான்ஸ் போ'ங்கற யுனிவர்சிட்டில வேலை பார்த்த ஃபரீபா அதெல்கா விஷயம் என் மனசுல ரொம்ப நாளா இருக்கு. ஷியா மதகுருமார்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற மானுடவியலாளர், 2019 ஜூன்ல பிடிச்சாங்க. பிரெஞ்சு, ஈரான் ரெண்டு குடியுரிமையும் இருக்கு, ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்காது, அதனால பிரெஞ்சு தூதரகம் போய்ப் பாக்கவே விடல. கூட வேலை பார்த்தவங்க அவங்களை "அறிவியல் கைதி"ன்னே சொன்னாங்க, பரிதாபம் பாருங்கன்னு கேக்காம வேலையைத்தானே பண்ணாங்கன்னு கேட்டாங்க. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயம் தெஹ்ரான்ல இருக்கிற எவின் ஜெயில்ல ஃபரீபாவும் கைலியும் சேர்ந்தே சாப்பாட்டை நிறுத்தினாங்க. அவங்க எழுதின லெட்டர்ல எங்களை விடுங்கன்னு மட்டும் இல்ல, ஈரான்லயும் மத்திய கிழக்கு முழுக்கவும் இதே மாதிரி உள்ள இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் எல்லாருக்காகவும்னு இருந்துச்சு. உளவுக் குத்தச்சாட்டைக் கைவிட்டாங்க, ஆனா 2020 மே மாசம் வேற குத்தம் சொல்லி அஞ்சு வருஷம் குடுத்தாங்க. பிரான்ஸ் திரும்ப 2023 அக்டோபர் ஆயிடுச்சு.

கேள்வி: என் தங்கச்சி பிஎச்டி ஃபீல்ட் ஒர்க்குக்கு வெளிநாடு போறா. என்ன சொல்லி அனுப்ப?
- ஒரு வாசகர், கோவை

பதில்: அனுமதி லெட்டர் எல்லாத்தையும் ஒரு காப்பி கைட்கிட்ட குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க தம்பி. யாரைப் பேட்டி எடுக்கிறா, எந்த ஆர்க்கைவ்ல இருக்கான்னு டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்காவது தெரியணும். பேட்டி குடுத்தவங்க பேர், போன் நம்பர் எல்லாம் லேப்டாப்ல அப்படியே கிடக்கக் கூடாது, மாட்டினா அவங்களும் மாட்டுவாங்க, அவங்களுக்காகப் பேச வேற நாடு கிடையாது. பிடிச்சா யார் முதல்ல வெளிய பேசணும்னு போறதுக்கு முன்னாடியே வீட்ல உட்கார்ந்து முடிவு பண்ணிடுங்க.

கேள்வி: சிலர் வந்துடுறாங்க, சிலர் வரவே மாட்டேங்குறாங்களே, ஏன்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: மாத்திக்க ஆள் இருந்தா வந்துடுறாங்க. வாங் 2019 டிசம்பர்ல வந்தார், பதிலுக்கு அமெரிக்காவுல கைதாகியிருந்த ஈரான் விஞ்ஞானி மசூத் சுலைமானி போனார். கைலிக்குப் பதிலா தாய்லாந்துல இருந்த மூணு ஈரான்காரங்க. இதைத்தான் நான் பயப்படுறேன், ஒவ்வொரு மாத்தும் அடுத்த கைதுக்கு விலை போட்டுக் குடுத்துடுது, ஆனா உள்ள இருக்கிறவங்க வீட்டு வாசல்ல நின்னு மாத்தாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

அகமத்ரெசா ஜலாலின்னு ஒரு டாக்டர், சுவீடன்ல இருந்தவர். நிலநடுக்கம் மாதிரி பெரிய ஆபத்து வந்தா ஆஸ்பத்திரி எப்படித் தயாரா இருக்கணும், குவியற காயக்காரங்கள்ல யாரை முதல்ல பாக்கணும், அந்த பேரிடர் மருத்துவம்தான் அவர் துறை. நிலநடுக்கம் அடிக்கடி வர்ற ஈரான்ல இருந்தே யுனிவர்சிட்டிங்க கூப்பிட்டதாலதான் போனார். 2016 ஏப்ரல்ல பிடிச்சு 2017 அக்டோபர்ல இஸ்ரேலுக்கு உளவு பார்த்தார்னு மரண தண்டனை. நோபல் பரிசு வாங்கினவங்க 75 பேர் அவருக்காகக் கையெழுத்து போட்டாங்க. 2024 ஜூன்ல சுவீடன், தன் ஜெயில்ல ஆயுள் தண்டனைல இருந்த முன்னாள் ஈரான் சிறை அதிகாரி ஹமீத் நூரியை ஈரானுக்கு அனுப்பி ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துச்சு. அந்த ரெண்டு பேர்ல அகமத்ரெசா இல்ல.