வாசகர் கேட்டவை: லினக்ஸ் மடிக்கணினியும் வராத வைஃபையும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தபின், பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் நிறுவிய வாசகர்களின் கடிதங்கள் கூடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வைஃபையைப் பற்றியவை. ‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்று எல்லாரும் எழுதினாலும், வைஃபை அட்டையைக் கணினி காணாததும், அட்டையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இல்லாததும், ரவுட்டருடன் இணைந்தும் இணையம் வராததும் வெவ்வேறு கோளாறுகள்; ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றைக் குணப்படுத்தாது.

கேள்வி: 2014இல் வாங்கிய என் மகனின் மடிக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாததால் அதில் லினக்ஸ் மின்ட் நிறுவினேன். ஒலி, திரை எல்லாம் சரியாக உள்ளன. வைஃபை மட்டும் பட்டியலிலேயே தென்படவில்லை. இணையத்தில் பார்த்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டும் பயனில்லை. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை ‘பிராட்காம் பிசிஎம்43142’ என்று ஒரு வரியைக் காட்டுகிறது. அட்டை பழுதாகிவிட்டதா, ஐயா?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: பழுதாகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். எல்எஸ்பிசிஐ பட்டியலில் பெயர் வருகிறது என்றாலே, அட்டை மின்சாரம் பெற்றுத் தன்னைக் கணினிக்கு அடையாளம் காட்டிவிட்டது என்று பொருள். அதே கட்டளையுடன் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘கே’ என்ற சிற்றெழுத்தும் சேர்த்து இட்டால், ஒவ்வொரு சாதனத்தின் கீழும் அதை இயக்கும் டிரைவரின் பெயர் வரும். உங்கள் அட்டையின் கீழ் ‘பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்’ என்று இருக்கக்கூடும். அதைக் கண்டு டிரைவர் இருக்கிறதே என்று எண்ணிவிடாதீர்கள். அது அட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓர் இணைப்புப் பாலம் மட்டுமே, வைஃபையை இயக்கும் டிரைவர் அன்று.

இந்தச் சில்லுக்குரிய ‘டபிள்யூஎல்’ என்னும் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இல்லை. மூலநிரல் முழுவதும் வெளியிடப்படாத அந்த டிரைவரைத் தனிப் பொதியாகத்தான் நிறுவ வேண்டும். புதிய மின்ட், உபுண்டு பதிப்புகளில் பொதியின் பெயர் ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’. மின்டின் மெனுவில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே இதைப் பரிந்துரைக்கும். வைஃபை வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறங்க இணையம் வேண்டும் என்ற சிக்கலுக்கு எளிய வழி, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை முடுக்கிவிடுவது. அதற்கென்று லினக்ஸில் எதையும் தனியே நிறுவத் தேவையில்லை. ரவுட்டரிலிருந்து நேரடியாக ஈத்தர்நெட் கம்பி இழுக்க முடிந்தால் அதுவும் போதும்.

பொதியை நிறுவுமுன் ஒரு வேலை இருக்கிறது. இணையத்தில் பார்த்த கட்டளைகளை இட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் பல, குறிப்பிட்ட டிரைவர்களைத் தடைப்பட்டியலில் சேர்ப்பவை. ‘ஈடிசி’ கோப்புறைக்குள் உள்ள ‘மோட்ப்ரோப் டாட் டி’ என்ற கோப்புறையைத் திறந்து, நீங்கள் உருவாக்கிய கோப்புகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். பழைய தடை ஒன்று அங்கே கிடந்தால், சரியான டிரைவரை நிறுவிய பிறகும் வைஃபை வராது. கோளாறு எங்கே என்று தேடி அலைய நேரிடும்.

நிறுவியபின் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு குறுக்கிடலாம். வெளியிலிருந்து கட்டப்படும் டிரைவருக்குக் கையொப்பம் இல்லையென்றால், செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கர்னல் அதை ஏற்காது. ஆகவே நிறுவும்போது ஒரு மறைச்சொல் கேட்கப்படும். கணினியை மீண்டும் தொடக்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து அதே மறைச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரை சில விநாடிகளே காத்திருக்கும். தேநீர் போட எழுந்து போனால் தவறவிட்டுவிடுவீர்கள். பிறகு டிரைவர் நிறுவப்பட்டும் வேலை செய்யாத விசித்திரத்தைக் காண்பீர்கள்.

இவ்வளவும் செய்து பட்டியல் வந்த பிறகும் வீட்டு ரவுட்டருடன் இணைய மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். இந்த டிரைவருக்கு டபிள்யூபிஏ3 முறை தெரியாது. ரவுட்டரில் ‘டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும்’ என்ற கலப்பு நிலையைத் தேர்ந்தெடுங்கள். மேலும் இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவது. 5 கிகாஹெர்ட்ஸ் வலையின் பெயர் பட்டியலில் ஒருபோதும் வராது. என்னைக் கேட்டால், கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் இந்த டிரைவர் மீண்டும் கட்டப்பட வேண்டும் என்பதாலும், அதை உருவாக்கிய நிறுவனத்திடமிருந்து 2015க்குப் பிறகு புதிய பதிப்பு வராமல், லினக்ஸ் தொகுப்பாளர்களே அதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வருவதாலும், சில மாதங்கள் பார்த்துவிட்டு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு மாறுவதே நிம்மதி. அதைப் பற்றி இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

வேறு சில்லு வைத்திருப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்டெல் அட்டைகளின் டிரைவர் கர்னலிலேயே உண்டு. ஆனால் அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற உள்நிரல் தனிக் கோப்பு. டெபியன் போன்ற தொகுப்புகள் நெடுங்காலம் அக்கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்து, 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் சேர்த்தன. டிமெஸ்ஜ் என்ற கட்டளை தரும் பதிவில் ‘ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை -2’ என்று வந்தால், அந்த எண்ணுக்குக் கோப்பு இல்லை என்பது பொருள். ஆயினும் இன்டெல் டிரைவர் முதலில் மிகப் புதிய பதிப்பைத் தேடி, இல்லையென்றால் படிப்படியாகப் பழைய பதிப்புக்கு இறங்குவது வழக்கம்; கடைசியில் ‘ஏற்றப்பட்டது’ என்ற வரி இருக்குமானால் முன்னால் வந்த பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம். ரியல்டெக் அட்டை உள்ள புதிய மடிக்கணினிகளிலோ கேள்வியே வேறு. ஆர்டிஎல்8852பிஇ என்ற சில்லுக்கான ஆதரவு கர்னல் 6.2இல்தான் சேர்ந்தது, அதற்கு முந்திய கர்னலை வைத்துக்கொண்டு கட்டளைகளைத் தேடுவதைவிடப் புதிய கர்னலுக்கு மாறுவதே குறுக்குவழி.

கேள்வி: எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வரவேற்பறையில் ரவுட்டர் இருக்கிறது. படுக்கையறையில் என் உபுண்டு மடிக்கணினியின் இணைப்பு அடிக்கடி அறுபடுகிறது. காணொளிச் சந்திப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. அதே இடத்தில் கைப்பேசிக்கு ஒரு குறையும் இல்லை. லினக்ஸ்தான் காரணமா?
— செங்காங் வாசகி

பதில்: இருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுச் சுவரையும் சந்தேகிக்க வேண்டும். செங்காங் போன்ற வட்டாரங்களின் வீவக வீடுகளில், பேச்சில் ‘பாம் ஷெல்ட்டர்’ என்று வழங்கும் காப்பறை இருக்கும். தடித்த கம்பி வலைக் கான்கிரீட்டும் எஃகுக் கதவும் கொண்ட அந்த அறை ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே அமைந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரிதும் தேய்ந்துதான் அந்தப் பக்கம் போகும். சிலர் பொருள்களைப் போட்டுவைக்கும் இடம்தானே என்று ரவுட்டரையே அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை.

முதலில் அளந்து பாருங்கள். ‘ஐடபிள்யூ டெவ்’ என்ற கட்டளை உங்கள் வைஃபை இடைமுகத்தின் பெயரைத் தரும். அந்தப் பெயரைச் சேர்த்து முடிவில் ‘லிங்க்’ என்று இட்டால், சிக்னலின் வலு டிபிஎம் என்ற அலகில், எதிர்மறை எண்ணாக வரும். -50 நல்ல வலு. -70ஐத் தாண்டினால் காணொளிக்குத் திணறல். -80ஐ நெருங்கினால் இணைப்பு நிற்காது. பத்து எண் குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிறது என்பதால், -60க்கும் -80க்கும் உள்ள இடைவெளி நூறு மடங்கு. மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று பாருங்கள். படுக்கையறையில் மட்டும் எண் சரிந்தால் ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். அல்லது நெட்வொர்க் அமைப்புகளில் அந்த இணைப்பை 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கட்டிவிடுங்கள். வேகம் குறையும், ஆனால் அறுபடாது.

எண் நன்றாக இருந்தும் அறுபட்டால், அப்போது லினக்ஸைச் சந்தேகிக்கலாம். உபுண்டுவில் வைஃபை அட்டையின் மின்சேமிப்பு இயல்பாகவே முடுக்கப்பட்டிருக்கிறது. சில அட்டைகள் அதனால் தூங்கி, நேரத்துக்கு எழுவதில்லை. ஈடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் ‘கான்ஃப் டாட் டி’ என்ற இடத்தில் ‘டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்’ என்று தொடங்கும் கோப்பு இருக்கும். அதில் ‘வைஃபை டாட் பவர்சேவ்’ என்பதற்கு எதிரே உள்ள 3ஐ 2 ஆக்கி, கணினியை மீண்டும் தொடக்குங்கள். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. மின்கலம் சற்று விரைவில் தீரும், அவ்வளவுதான்.

அதுவும் பயன் தராவிட்டால், ஒரு முனையத்தில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 1.1.1.1 என்ற வெளி முகவரிக்கும், பதில் வருகிறதா என்று சோதிக்கும் ‘பிங்’ கட்டளையை ஓடவிடுங்கள். ரவுட்டருக்கே பதில் விட்டுப்போனால் கோளாறு வீட்டுக்குள்; ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளியே மட்டும் விட்டுப்போனால் மடிக்கணினியை விட்டுவிட்டு இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கலாம். யுஎஸ்பி 3 வெளிவட்டு ஏதேனும் மடிக்கணினியை ஒட்டியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கக்கூடியது.

கேள்வி: உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாறியதிலிருந்து பல்கலைக்கழக வைஃபை மறைச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வீட்டு வைஃபை இணைகிறது.
— கிளமெண்டி மாணவர்

பதில்: மறைச்சொல் சரியாகவே இருந்தாலும் இப்படி நேரும். 22.04 பதிப்பில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற மறையாக்க மென்பொருள், பாதுகாப்பற்றவை என்று கருதும் பழைய கைகுலுக்கல் முறைகளை ஏற்பதில்லை. எதிர்ப்பக்கச் சர்வர் பழையதானால் இணைப்பு உள்நுழையும் கட்டத்திலேயே முறிகிறது. ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவில், வைஃபை உள்நுழைவைக் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரல் எழுதிய வரிகளில் ‘லெகசி ரீநெகோஷியேஷன்’ என்ற சொற்கள் தென்பட்டால் காரணம் இதுவே. அந்த வரியை அப்படியே பல்கலைக்கழகக் கணினிப் பிரிவுக்கு அனுப்புங்கள். ‘வைஃபை வரவில்லை’ என்று எழுதுவதைவிட விரைவில் பதில் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் பாதுகாப்பைத் தளர்த்தும் வழி உண்டு, ஆயினும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அந்த வரி இல்லையென்றால் பயனர் பெயரைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களின் பொது வைஃபையான எடுரோம் வலையில் பெயருக்குப்பின் நிறுவனத்தின் முகவரிப் பகுதியும் சேர வேண்டும். எடுரோமின் கேட் சேவை லினக்ஸுக்கென்று ஒரு பைத்தான் நிரலைத் தருகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இடம்பெற்றிருந்தால் கையால் நிரப்புவதைத் தவிர்த்து அதையே ஓட்டுங்கள். ‘சான்றிதழ் தேவையில்லை’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு இணைவோர் பலர். அதே பெயரில் போலி வலை ஒன்றை யாரேனும் வைத்தால், உங்கள் உள்நுழைவு விவரங்களை அதனிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள்.

கேள்வி: நூலகத்தில் வயர்லெஸ்@எஸ்ஜி வலையுடன் இணைகிறது, ஆனால் உள்நுழையும் பக்கம் வருவதே இல்லை.
— பிடோக் வாசகர்

பதில்: 2006ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய இந்த இலவசச் சேவையைப் போன்ற பொது வலைகள், உங்கள் முதல் வேண்டுகோளை இடைமறித்துத் தம் பக்கத்தைக் காட்டுபவை. இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன் இயங்கினாலும், தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை நீங்களே 1.1.1.1 என்று நிலையாக வைத்திருந்தாலும், உலாவி தன் டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கம் செய்து அனுப்பினாலும் இடைமறிக்க முடியாமல் போகும். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, மறையாக்கம் இல்லாத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இதற்கென்றே ‘நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்’ என்ற தளம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக உள்நுழையச் சொன்னால், இணைப்பின் அமைப்பில், வலைக்கு அட்டையை அடையாளம் காட்டும் மேக் முகவரி ‘ரேண்டம்’ என்று இருக்கும். அதை ‘ஸ்டேபிள்’ என்று மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே கணினியில் விண்டோஸும் ஃபெடோராவும் உள்ளன. விண்டோஸைப் பயன்படுத்திவிட்டு ஃபெடோராவுக்கு வந்தால் சில நாள்களில் வைஃபை காணாமல் போகிறது.
— ஈசூன் வாசகர்

பதில்: விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது முழுமையாக மூடாமல் பாதி உறக்கத்தில் கணினியை விடுவதால், அட்டை சீராகத் தொடங்காமல் போகிறது. பிறகும் வராத நாளில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று இட்டு, அட்டை தடைப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சிம் லிம் ஸ்குவேரில் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்க எண்ணுகிறேன். லினக்ஸுக்கு எந்த நிறுவனத்துடையது நல்லது?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: நிறுவனத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளிருக்கும் சில்லின் பெயரைக் கேளுங்கள். மீடியாடெக்கின் எம்டி7612யூ, எம்டி7921ஏயூ ஆகியவற்றுக்கான டிரைவர்கள் கர்னலிலேயே இருப்பதால், புதிய லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். பெட்டியில் ‘லினக்ஸ் ஆதரவு உண்டு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல வேளைகளில் அது, பழைய கர்னலுக்கு எழுதிய மூலநிரல் ஒன்றை நீங்களே தொகுத்துக்கொள்ள வேண்டும் என்பதையே குறிக்கும். ஒரே மாடல் எண்ணில் முதல் வெளியீட்டுக்கும் மூன்றாம் வெளியீட்டுக்கும் சில்லே வேறாக இருப்பதும் உண்டு. வெளியீட்டு எண் பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். சில அடாப்டர்கள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் அடங்கிய குறுவட்டாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். அத்தகையதாயின் ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். இயன்றால் மடிக்கணினியைக் கையோடு எடுத்துச் சென்று, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே செருகிப் பாருங்கள்.