அழுகிறாள், ஆனாலும் விடமாட்டேன் என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஆறு வயதில் ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸில் சறுக்கியபடி ஆடும் விளையாட்டு) வகுப்பில் சேர்த்தோம். காலை நாலரைக்கு எழுந்து ரிங்க் (ஐஸ் சறுக்குத் தளம்), அங்கிருந்து பள்ளி, மாலையில் மறுபடி ரிங்க் என்றுதான் ஏழு வருடமாக வீடு ஓடுகிறது. போன வருடம் டபுள் ஆக்ஸல் என்ற சுழன்று எழும்பும் ஜம்ப் நன்றாக வந்தது. இந்த ஆறு மாதத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். இப்போது அந்த ஜம்ப் வருவதே இல்லை. கால் வலிக்கிறது என்கிறாள், பூட்ஸ் மாற்ற வேண்டும் என்கிறாள். செலவை நினைத்து அதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். காரில் வீடு திரும்பும்போது அழுகிறாள். "விட்டுவிடலாமா?" என்றால், "மாட்டேன்" என்கிறாள். கோச், பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தே படிக்கட்டும், முழுநேரப் பயிற்சிக்கு அனுப்புங்கள், எடையும் கொஞ்சம் குறையட்டும் என்கிறார். என் கணவர், "ஏழு வருட உழைப்பு, இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண்" என்கிறார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் மகளுக்காக நானும் ஒன்பது வருடம் ரிங்க் ஓரத்து பெஞ்சில் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை விழும்போது இந்தப் பக்கம் நம் முழங்கால் வலிக்கும். அதனால் பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

முதலில் அந்த ஜம்ப். உங்கள் மகள் அதை மறந்துவிடவில்லை, சோம்பலும் படவில்லை. மற்ற ஜம்ப்கள் எல்லாம் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எழும்புபவை. ஆக்ஸல் ஒன்றுதான் முன்னோக்கிப் பார்த்து எழும்புவது. அதனால் அதில் அரைச் சுற்று கூடுதல்; டபுள் ஆக்ஸல் என்றால் இரண்டரைச் சுற்று. அதை முடிக்க அரை விநாடிக்குச் சற்று மேல்தான் நேரம் கிடைக்கும். தரையை விட்ட பிறகு புதிதாகச் சுழற்சியை எங்கிருந்தும் வாங்க முடியாது. கையையும் காலையும் உடம்போடு இறுக்கி, இருக்கிற சுழற்சியை வேகமாக்க மட்டுமே முடியும். இப்போது அந்தக் கையும் காலும் நீண்டுவிட்டன. எப்போது எழும்ப வேண்டும், எவ்வளவு சீக்கிரம் இறுக்க வேண்டும் என்று அவள் தசைகள் படித்து வைத்திருந்ததெல்லாம் பழைய உடம்புக்கான கணக்கு. புது உடம்புக்கு அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும், சில பிள்ளைகளுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். இதை இதே போல அவளிடம் சொல்லுங்கள். "எனக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று தனக்குள்ளேயே பயந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு, காரணம் தெரிவதே பாதி மருந்து.

என் மகளுக்கும் இந்த வயதில் எட்டு மாதம் இப்படிப் போனது. அவள் அழமாட்டாள். பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸின் அடியில் இருக்கும் பிளேடைத் துடைப்பாள். ஈரத்தைத் துடைக்க ஒரு நிமிடம் போதும். அவள் கால் மணி நேரம் துடைப்பாள். முனையிலிருந்து குதிகால் வரை, மறுபடி குதிகாலிலிருந்து முனை வரை, பிறகு துணியை மடித்து, ஆணிகளைச் சுற்றி. தலை நிமிரவே நிமிராது. எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. அந்தச் சமயத்தில் அவளுடைய கோச் ஒருவர், அவள் காது படவே, "வளர்ந்துவிட்டாள், இனி இவ்வளவுதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அனுபவம் அதிகம், நமக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். இன்றுவரை அது என் மனதில் முள்ளாக இருக்கிறது. நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

அதனால் எடை விஷயத்தை உடனே, உறுதியாக நிறுத்துங்கள். 13 வயதுப் பெண் பிள்ளையின் எடை கூடத்தான் வேண்டும். எலும்பு உறுதியாகும் காலம் இது. ஒற்றைக் காலில் ஐஸில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்தக் காலில் விழுகிறது. போதிய சாப்பாடு இல்லாத உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், அப்புறம் எலும்பைத் தேய்க்கும். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். யூலியா லிப்னிட்ஸ்கயாவை உங்கள் கணவருக்கு நினைவிருக்கலாம். 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில், 15 வயதில், ரஷ்ய அணியோடு தங்கம் வென்ற சிறுமி. 2017இல், 19 வயதில், அனோரெக்ஸியா என்ற, எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பிட மறுக்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்ற பிறகு விளையாட்டை விட்டு ஓய்வு பெற்றார். ஐஸ் முழுக்கப் பூங்கொத்து விழ வைத்த பிள்ளை அது. "எடையைப் பற்றி இனி என் மகளிடம் பேசாதீர்கள், ஏதாவது இருந்தால் மருத்துவரும் நானும் பார்த்துக்கொள்கிறோம்" என்று கோச்சிடம் நேராகவே சொல்லுங்கள். மகளை ஒரு மருத்துவரிடமும் காட்டுங்கள். கால் வலி என்கிறாள் அல்லவா? அதை ஒத்திப்போடக் கூடாது.

அடுத்து அவசரம். எதற்கு இந்த அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை உலக ஸ்கேட்டிங் சங்கம் 15இலிருந்து 17ஆக உயர்த்திவிட்டது. 2022இல் முடிவெடுத்து, படிப்படியாகக் கொண்டுவந்து, 2024-25 பருவத்திலிருந்து 17 வயது நடைமுறையில் இருக்கிறது. சர்வதேச ஜூனியர் போட்டிகளுக்கான வயதே 13இல்தான் தொடங்குகிறது. முன்பெல்லாம் உடம்பு வளர்வதற்குள் எல்லாவற்றையும் சாதித்துவிட வேண்டும் என்று ஓடினார்கள். இப்போது விதியே, "வளர்ந்த பிறகு வா" என்கிறது. உங்கள் மகளுக்கு நான்கு வருடம் கையில் இருக்கிறது.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இந்த விளையாட்டுக்கு ஃபிகர் என்று பெயர் வந்ததே ஐஸில் பிளேடால் வரைந்த உருவங்களால்தான். ஒரு வட்டம், அதையொட்டி இன்னொரு வட்டம், அதே கோட்டின் மேல் மறுபடி மறுபடி. நடுவர்கள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1990 உலகப் போட்டியோடு அது சர்வதேசப் போட்டிகளிலிருந்து போய்விட்டது. ஆனால் அதிலிருந்த சாரம் போகவில்லை. பிளேடுக்கு நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் இரண்டு விளிம்பு. பிள்ளை ஐஸில் செய்கிற அத்தனையும், உள் விளிம்பில் நிற்கிறாளா வெளி விளிம்பில் நிற்கிறாளா என்பதில்தான் இருக்கிறது. ஜம்ப் குறையும் மாதங்களில் விளிம்பை வளர்க்கலாம், ஒரே இடத்தில் சுழலும் ஸ்பின்னை வளர்க்கலாம், இசைக்குள் போகலாம். சறுக்கும் திறன், நிகழ்ச்சியின் அமைப்பு, வெளிப்பாடு என்று இவற்றுக்குத் தனி மதிப்பெண்ணே இருக்கிறது. வளர்ந்த கையும் காலும் இங்கே வரம். நீளமான காலில் ஒரு வெளி விளிம்பு எவ்வளவு தூரம் போகும் தெரியுமா! "இந்த ஆறு மாதம் ஜம்ப் எண்ணிக்கையைக் குறைத்து இதில் வேலை செய்யலாமா?" என்று கோச்சைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை குதிக்கிறாள் என்றும் கேளுங்கள். நல்ல கோச் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வார். எரிச்சல்படுகிறார் என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

பள்ளி விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: இப்போது நிறுத்தாதீர்கள். வீட்டிலிருந்து படித்து உச்சிக்குப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு, அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் ஜம்ப் வராத நேரத்தில் பள்ளியையும் எடுத்துவிட்டால், அவளை ஜம்ப்பை வைத்து அளக்காத ஓர் இடம்கூட அவளுக்கு மிஞ்சாது. பக்கத்தில் உட்காரும் தோழிக்கு ஆக்ஸல் என்றால் என்னவென்றே தெரியாது, அந்தத் தோழி அவளுக்கு வேண்டும். படிப்போடு இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், 1956இல் ஒலிம்பிக் தங்கம் வென்று பிறகு அறுவைசிகிச்சை மருத்துவரான டென்லி ஆல்பிரைட்டைச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 1986இல் உலகப் பட்டம் வென்று, 1988இல் ஒலிம்பிக் வெண்கலமும் வாங்கி, அவரைப்போலவே மருத்துவரான டெபி தாமஸைச் சொல்லுங்கள். அமெரிக்க ஸ்கேட்டர் நேதன் சென் யேல் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குப் போய்க்கொண்டே 2019இல் உலகப் பட்டம் வென்றார். 2022 ஒலிம்பிக்ஸுக்காகப் படிப்புக்கு விடுப்பு எடுத்தார் என்பதும் உண்மைதான். ஆனால் அது வளர்ந்த ஒருவர், தானே யோசித்து எடுத்த விடுப்பு.

சரி, இப்போது அந்த அழுகை. "அழுகிறாளே, அப்படியானால் பிடிக்கவில்லை" என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், "விடமாட்டேன் என்கிறாளே, அப்படியானால் வைராக்கியம்" என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்த ஒன்று கைக்கு வராதபோதும் அழுகை வரும். விட்டுவிட்டால் அப்பாவின் ஏழு வருடம் என்னாவது என்ற பயத்திலும் "மாட்டேன்" என்று வாய் சொல்லும். இது எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரில் கேட்காதீர்கள். களைத்துப்போய் இருப்பாள், எழுந்துபோக இடமும் இருக்காது. ரிங்க் இல்லாத ஒரு நாளில், இருவரும் வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது கேளுங்கள். "விடலாமா?" என்று கேட்டால் அவளுக்குத் தோற்பதா இல்லையா என்றுதான் காதில் விழும். "நாளைக்கு ரிங்க் மூடியிருக்கிறது என்று போன் வந்தால் உனக்கு முதலில் என்ன தோன்றும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலை விட, பதில் சொல்வதற்கு முன் அவள் முகத்தைப் பாருங்கள். முடிந்தால் இரண்டு வாரம் முழு விடுமுறை கொடுங்கள். அதற்குள் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அலிசா லியு என்ற பெண்ணைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 13 வயதிலேயே அமெரிக்க தேசியப் பட்டம் வென்றவர். 2022இல் ஒலிம்பிக்ஸும் ஆடி, உலகப் போட்டியில் வெண்கலமும் வாங்கி, 16 வயதில் "போதும்" என்று ஓய்வை அறிவித்துவிட்டார். நண்பர்களோடு ஊர் சுற்றினார், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தார், கல்லூரியில் சேர்ந்தார். ஒருமுறை பனிமலையில் ஸ்கீயிங் போனபோது அந்த வேகம் பழைய ஞாபகத்தைக் கிளப்ப, மறுபடி ஐஸுக்கு வந்தார். இந்தத் தடவை எப்படிப் பயிற்சி, என்ன இசை, என்ன உடை எல்லாம் அவர் விருப்பப்படி. 2025இல் பாஸ்டனில் உலகச் சாம்பியன் ஆனார். உங்கள் மகளும் சாம்பியன் ஆவாள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அது யாராலும் சொல்ல முடியாது. அவர் நிறுத்தியபோதும் முடிவு அவருடையது, திரும்பி வந்தபோதும் அவருடையது. ஈடுபாடு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அங்கேதான் இருக்கிறது. உங்கள் மகள் எந்தப் பக்கம் போனாலும், அதை அவளே எடுத்த முடிவாக ஆக்கிக் கொடுங்கள்.

உங்கள் கணவர் மேல் கோபப்படாதீர்கள். விடியற்காலை நாலரைக்கு ஏழு வருடம் எழுந்த மனிதர் அவர். அவர் விட்டுக்கொடுத்தவற்றையெல்லாம் யாரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள்: ஆயிரக்கணக்கான தடவை விழுந்து எழுந்திருக்கிறாளே, அது அவளிடமிருந்து எங்கே போகும்? என் மகள் 18 வயதோடு போட்டிகளை நிறுத்தினாள். பெரிய பதக்கம் எதுவும் இல்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், யாரும் எழுப்பாமல், தானாக எழுந்து ரிங்க்குக்குப் போகிறாள். நான் உடன் போவதில்லை. கூப்பிட்டால் மட்டும் போவேன்.

கடைசியாக, அந்த பூட்ஸ். இத்தனைக்கும் முன்னால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் உயரம் இவ்வளவு கூடியிருந்தால் பாதமும் வளர்ந்திருக்கும். விரல் மடங்கி, கணுக்கால் பகுதி தளர்ந்துபோன பூட்ஸில் டபுள் ஆக்ஸல் யாருக்கும் வராது. முழுநேரப் பயிற்சிக்கு என்று எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் பூட்ஸ் வாங்குங்கள். புதிய பூட்ஸ் பழகச் சில வாரம் பிடிக்கும், அதுவரை ஜம்ப் வேண்டாம். இந்த வாரமே கடையில் பாதத்தை அளந்து பாருங்கள், மருத்துவரையும் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.