பழைய கன்வெர்டிபிள்: வாங்கும் முன் பாருங்கள், வண்டிக்கு அடியில்!

கேள்வி: 1970களில் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடிக்கக்கூடிய கார்) இரண்டு விற்பனைக்கு இருக்கின்றன. ஒன்று புது பெயின்ட்டில் மினுக்குகிறது, எஞ்சினும் ஓடுகிறது. மற்றது வெளிறிப்போய் நிற்கிறது, எஞ்சின் இறுகிவிட்டது. ஆனால் ‘பாடி கெட்டி’ என்கிறார் விற்பவர். விலை ஏறக்குறைய ஒன்றுதான். நானே வீட்டில் வைத்துப் புதுப்பிக்கப் போகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: விற்பவர் சொல்வது உண்மையானால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை. உண்மையா என்று பார்ப்பதற்கு மட்டும் கண்ணை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள்.

1962-இல் அறிமுகமான எம்ஜிபிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். மூடிய காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். கூரை இல்லாத இந்த வண்டியில் அந்த வேலையில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ பகுதியின் தலையில் விழுகிறது. அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். எஞ்சின் கதை வேறு. அது 1798 சிசி பி-சீரிஸ். லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பொறுமையும் கையேடும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துக் கோக்கலாம். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டியிருந்தால் அதை மட்டும் வெளியே கொடுத்தால் போதும்.

சோதனை இப்படி. கதவை மூடிவிட்டு, கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று பாருங்கள். மேலே நெருக்கம், கீழே அகலம் என்றால் வண்டி தொய்ந்திருக்கிறது. அடுத்து ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி, அந்த இடைவெளி மாறுகிறதா, கதவு சிக்குகிறதா என்று கவனியுங்கள். பெயின்ட் கீறாமல் இருக்கத் துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சில்லின் மேலும் சக்கர வளைவின் மேலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள். இதற்கெல்லாம் ‘வேண்டாம்’ என்று விற்பவர் தடுத்தால், பதில் கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிடலாம்.

புது பெயின்ட் அடித்த முதல் வண்டியைப் பொறுத்தவரை, டிங்கரிங் நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். வெறும் தகரம் தெரியும் படம் ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பெயின்ட்டுக்கு நான் மதிப்புப் போட மாட்டேன். பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடுவது இந்தத் தொழிலில் வெகுகாலமாக நடக்கும் வித்தை.

சில் மாற்றியே ஆக வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகே மறுபக்கம். கம்பி கொடுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டினால் கதவு பிறகு ஜென்மத்துக்கும் சேராது. வெல்டிங் பழக்கமே இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுவது நல்லது. பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாசும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்ப்பது, காற்றடித்துத் துடைப்பது இரண்டும் கூடாது.

கேள்வி: 1965 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் ஒன்று பார்த்தேன். ‘கம்பெனியிலிருந்தே கன்வெர்டிபிள்’ என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: எண் சொல்லிவிடும். அந்த ஆண்டு மஸ்டாங்கின் அடையாள எண் 5 என்று தொடங்கும்; அது ஆண்டைக் குறிக்கிறது. அடுத்த எழுத்து தொழிற்சாலை. அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை: 08 என்றால் கன்வெர்டிபிள், 07 என்றால் ஹார்ட்டாப் (மடிக்க முடியாத தகரக் கூரை), 09 என்றால் ஃபாஸ்ட்பேக் (பின்பக்கம் சரிந்திறங்கும் தகரக் கூரை). 07 இருந்து கூரை இல்லையென்றால், யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து வருவது எஞ்சினுக்கான எழுத்து. அங்கே ‘கே’ (K) இருந்தால் அதிசக்தி 289 கன அங்குல எஞ்சின். விலை எகிறும், போலியும் பெருகும். கதவில் உள்ள தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், தகடுகள் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. பானட்டைத் திறந்து, முன் மட்கார்டின் உள்பக்கத் தகரத்தில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கம்பெனி கன்வெர்டிபிளுக்குத் தரைக்கடியிலும் சில்லுக்குள்ளும் கூடுதல் வலுத்தகடுகள் உண்டு. அறுத்த வண்டியில் அவை இருக்காது. அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுவதே ஆபத்து, பழைய கார்களுக்கு மதிப்பெண் போடும் காட்சிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கேள்வி: புதுக் கூரைக்கு வினைலா, துணியா?

பதில்: காட்சிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, கம்பெனி எதைப் போட்டதோ அதுவே. ஓட்டுவதற்கு மட்டும் என்றால் துணி பார்க்க அழகு, வினைல் துடைக்க எளிது, விலையும் குறைவு. எதுவானாலும் முதலில் கதவுக் கண்ணாடிகளையும் கூரைச் சட்டத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் சரிசெய்துவிட்டுத்தான் கூரையை இழுத்துக் கட்ட வேண்டும். வினைலை வெயிலில் இளக்கிப் பொருத்துங்கள். பொருத்திய பின் சில வாரம் மடிக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது எப்போதுமே மடிக்காதீர்கள்.

கேள்வி: பெயின்ட் கடைக்காரர் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: பழைய பெயின்ட் உரித்தல், டிங்கரிங், பிரைமர், பெயின்ட். ஒவ்வொன்றும் முடிந்து நீங்கள் நேரில் பார்த்த பிறகு அதற்கான பணம். உரித்தபின் புதிதாகத் துரு தெரிந்தால், உங்களைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கட்டும், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. குரோம் பாகங்கள், விளக்குகள், கண்ணாடிகள் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். வண்டியின் மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: முடித்தவுடன் பெரிய காட்சிக்கே விண்ணப்பிக்கலாமா? போட்ட பணம் திரும்புமா?

பதில்: அமெரிக்காவில் 1950 முதல் நடக்கும் பெபிள் பீச் கார் காட்சி போன்ற மேடைகளில் நூற்றுக்கு நூறில் தொடங்கி, குறைக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வரும் முறை உண்டு. அந்த மாதிரி இடங்களில் ஹோஸ் கிளிப் அந்தக் காலத்து வகையா, ஹாரனும் வைப்பரும் வேலை செய்கின்றனவா, கீழே எண்ணெய் சொட்டுகிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பளபளக்கவைத்தாலும் குறைதான். வீட்டில் புதுப்பித்த வண்டிக்குக் கிளப்புகள் நடத்தும் சிறு காட்சிகளே நல்ல தொடக்கம். மதிப்பெண் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வேலை நடக்கும்போதே கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாற்றங்கள் செய்த வண்டிக்குத் தனிப் பிரிவு, பார்வையாளர் வாக்களிக்கும் பிரிவு, மூல நிலையிலேயே பாதுகாத்த வண்டிக்கான பிரிவு என்றெல்லாம் பல காட்சிகளில் உண்டு. உங்கள் வண்டியில் கம்பெனி பெயின்ட் ஓரளவு தேறினால், உரிப்பதற்கு முன் இந்தக் கடைசிப் பிரிவை யோசியுங்கள்.

பணம் திரும்புமா என்றால், பெரும்பாலும் திரும்பாது. உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால் நிச்சயம் திரும்பாது. காப்பீடு எடுக்கும்போது மட்டும் தேய்மானம் கழித்த விலைக்கு ஒப்புக்கொள்ளாமல், ரசீதுகளையும் படங்களையும் காட்டி, இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். முதல் ஸ்பேனரைத் தொடும்போதே ரசீதுக்கு ஒரு கோப்பு போட்டுவிடுங்கள்.