மாமா பிடித்து வைத்த டிகிரியும் தம்பி படிக்கும் புத்தகமும்

மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதி மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. கொழும்பிலுள்ள மாமா, தனியார் நிறுவனமொன்றில் சொப்ட்வெயார் டிகிரிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு 12 இலட்சம். தாய்க்கு 50 வயதானதும் கைக்கு வந்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு, மிச்சத்துக்குச் சங்கிலியும் தோடும் என்று மாமா கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். பையனோ கணினியில் இசை செய்வதைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிவந்து, இராத்திரி இரண்டு மணிவரை அதோடு கிடக்கிறானாம். “பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டதா சேர்?” என்று கேட்கிறார்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. எனக்குப் பயம் அந்த 12 இலட்சத்தைப் பற்றித்தான். தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது கிட்டத்தட்ட 890 பெயர், அதாவது 890 நாள் வேலை. அரிசி, மா, பஸ் காசு எதுவும் கழிக்காமல். சாதாரண தரத்தில் கணிதத்தை ஒப்பேற்றிக் கடந்த, ஒரு வரி புரோகிராம்கூட எழுதிப் பார்க்காத பிள்ளை என்று நீங்களே எழுதுகிறீர்கள். முதல் வருடத்திலேயே அவன் தடுக்கி நின்றால் கட்டிய காசை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அந்த டிகிரியை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று மாமாவிடம் கேட்டீர்களா?

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, வங்கிப் பரீட்சை பற்றி நான் எழுதப் போவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு ஒருவர் உங்களுக்கு அதைச் சொல்லியிருப்பார். யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இப்படியான புத்தகங்கள் இரண்டு வகை. ஒன்று, ஒரு மென்பொருளின் ஒரு பதிப்பை வைத்து ‘இந்தப் பட்டனை அழுத்து’ என்று சொல்லிக்கொடுப்பது. பதிப்பு மாறினால் படங்களும் மாறிவிடும், பையன் இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டு அரை நாளைக் கழிப்பான். மற்றது, ஒலி எப்படி உருவாகிறது, ஒலியை வடிகட்டும் ஃபில்டர் என்ன செய்கிறது, தாளம் எப்படி அடுக்கப்படுகிறது என்று காரணத்தோடு சொல்வது. இது பத்து வருடம் பழையதானாலும் பழுதில்லை. இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி என்கிற முறை 1983இல் வந்தது, இன்றைக்கும் ஒரு விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதைப் பெரும்பாலும் அதே 0 முதல் 127 வரையான எண்ணில்தான் எழுதுகிறது. தம்பியிடம் இருப்பது இரண்டாம் வகை என்றால் அது ஒன்றே போதும். இன்னொரு புத்தகம் கேட்டால் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

செலவுக்கு ஓர் எல்லை போடுங்கள்: டிகிரியின் ஒரு தவணைக் கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை. அதற்குள் 8 ஜீபீ ரெம்மும் எஸ்.எஸ்.டீயும் உள்ள பாவித்த மடிக்கணினி, காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன், 25 விசை கொண்ட சின்ன மிடி கீபோர்ட். ஸ்பீக்கர் வேண்டாம். லயத்தில் சுவர் ஒன்று, வீடு இரண்டு. புளூடூத் ஹெட்போனும் வேண்டாம், அதில் சத்தம் பிந்தி வரும். இசை செய்யும் மென்பொருள்களில் எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனியாள் உரிமம் 60 டொலர். எஃப்எல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பில் கவனம்: சேமித்த வேலையை மறுபடி திறக்க விடாது. ஒரு மாத உழைப்பை அதில் பூட்டி வைத்துவிட்டு அழுகிற பிள்ளைகள் உண்டு. கிராக் பண்ணிய மென்பொருள் வீட்டுக்குள் வரவே கூடாது. வைரஸ் வந்தால் பாட்டும் போகும், கணினியும் போகும்.

முதல் வாரத்திலேயே ஒரு வில்லங்கம் வரும். விசையை அழுத்துவான், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். தனக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்துச் சோர்ந்துபோவான். குற்றம் பஃபர் அளவில் இருக்கிறது, அதாவது கணினி ஒலியை ஒரே தடவையில் எத்தனை மாதிரிகளாகச் சேர்த்து வெளியே விடுகிறது என்பதில். செக்கனுக்கு 44,100 மாதிரி, அதாவது 44,100 ஹேர்ட்ஸில், 1,024 என்று வைத்திருந்தால் 23 மில்லி செக்கன் தாமதம், 256 என்றால் 6. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் அசியோ டிரைவரைப் போட்டு, வாசிக்கும்போது 256, கலக்கும்போது 1,024 என்று மாற்றிக்கொள்ளட்டும்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தேவையில்லை. கருவி வாங்குவது பற்றிய அத்தியாயத்தையும் கடைசியில் வரும் மாஸ்டரிங்கையும் (முடிந்த பாட்டை வெளியிடத் தயார்படுத்துவது) இப்போதைக்கு ஸ்டேப்ளர் போட்டு மூடிவிடலாம். தாளம், ஒலி உருவாக்கம், பாட்டை அடுக்குவது, பிறகுதான் ஒலிகளைச் சமப்படுத்திக் கலக்கும் மிக்சிங். மிக்சிங்கை முதலில் படித்தவன் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு, தொனியை ஏற்றி இறக்கும் ஈகியூவைத் திருகிக்கொண்டே இருப்பான். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு 16 பார் (தாளச் சுற்று) இசை. செய்யாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகக்கூடாது. அட்டாக், ரிலீஸ், த்ரெஷோல்ட் போன்ற சொற்களை ஒரு கொப்பியில் தன் சொந்தத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தால் ஆங்கிலம் ஒரு தடையே இல்லை.

ஒலி உருவாக்கும் பாடம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அடித்தொனி ட்ரமான கிக் ட்ரம் செய்யச் சொல்லும்: ஒரே தொனி மட்டும் உள்ள ஒரு சைன் அலை, 150 ஹேர்ட்ஸில் தொடங்கி 40 மில்லி செக்கனுக்குள் 50க்கு இறங்க வேண்டும், சத்தம் கால் செக்கனில் அடங்க வேண்டும். அதே பாடத்தை வைத்துத் தம்பி ஒரு தப்பு மேளத்தைச் செய்து பார்க்கட்டும். 400இல் தொடங்கி 180க்கு இறக்கி, முன்னால் 10 மில்லி செக்கன் இரைச்சலை ஒட்டினால் குச்சி பட்ட சத்தம் வரும். தோல் நெருப்பில் காய்ந்த விறைப்பு வேண்டுமானால் இரண்டு எண்ணையும் ஏற்றலாம். புத்தகம் ஒரு பாரை 16 கட்டமாகப் பிரிக்கச் சொல்லும். மாசி மாதம் காமன் கூத்தில் கேட்ட அடி மும்மூன்றாகப் பிரிந்தால் 16இல் உட்காராது, நொண்டும். கட்டத்தை 12 ஆக்க வேண்டும். இதைப் புத்தகம் சொல்லாமலே அவன் கண்டுபிடித்தால் அவனுக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து எட்டு பார் வியாதி. எட்டு பார் அழகாக வரும், அதையே ஆயிரம் தடவை சுற்றவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான், பாட்டு முடியாது. மருந்து கணக்குத்தான். நிமிடத்துக்கு 120 அடி, அதாவது 120 பீபீஎம்மில், நாலு அடி கொண்ட ஒரு பார் 2 செக்கன், 3 நிமிடத்துக்கு 90 பார். வெறும் 90 பாரை முதல் நாளே திரையில் கோடு போட்டு, எங்கே தாளம் நுழையும், எங்கே அடங்கும் என்று குறித்துவிட்டு நிரப்பத் தொடங்க வேண்டும்.

மிக்சிங்கில் வருகிற பிழை பெரும்பாலும் அடித்தொனியில்தான். கிக்கும் பேஸும் 50 முதல் 100 ஹேர்ட்ஸுக்குள் முட்டிக்கொண்டால் பாட்டு கஞ்சி மாதிரி ஆகும். ஒன்று அடிக்கும்போது மற்றது பதுங்க வேண்டும், அதற்குத்தான் சைட்செயின். எல்லாம் சேர்ந்த சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வேலை செய்யட்டும். பிறகு உங்கள் போனில் போட்டுக் கேளுங்கள். ஹெட்போனில் உறுமிய பேஸ் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் 55 ஹேர்ட்ஸைப் போன் ஸ்பீக்கர் பாடாது. ஒலியை இலேசாகச் சிதைக்கும் சச்சுரேஷன் கொஞ்சம் சேர்த்தால் 110, 165, 220 என்று மேல்தொனிகள் எழும். அவற்றை வைத்துக் காது பேஸைப் பிடித்துக்கொள்ளும்.

குரல் பதிவதென்றால் தகரக்கூரையில் மழை விழாத நேரமாகப் பார்த்து, பின்னால் இரண்டு கம்பளி தொங்கவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று.

வேலை எங்கே என்கிறீர்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றுகிறார்கள், காப்புரிமைக் கோரல் வருகிறது. அவர்களுக்குச் சொந்த இசை வேண்டும். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு இத்தனை நிமிடம் என்று அளந்து நடன இசை வேண்டும். வீடியோவுக்கு 48,000 ஹேர்ட்ஸில் கொடுக்க வேண்டும். 44,100இல் செய்ததை மாற்றாமல் அப்படியே 48,000 என்று ஓடவிட்டால் பாட்டு வேகமெடுத்துச் சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும். இப்படி ஒருமுறை நடந்தால் அந்த டீச்சர் மறுபடி கூப்பிட மாட்டார்.

இதில் அரசாங்க நியமனம் கிடையாது, முதல் வருடம் சம்பளம் என்று சொல்ல ஒன்றும் வராது. ஆகவே தம்பி பகலில் ஒரு வேலைக்குப் போக வேண்டும், கடையோ தொடர்பாடல் நிலையமோ. இரவு ஒன்றரை மணித்தியாலம் புத்தகத்துக்கு. இரண்டு மணிவரை விழிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், களைத்த காது கூர்மையான சத்தத்தைக் கேட்காமல் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போகும். மூன்று மாதத்தில் முழுதாக முடித்த பாட்டு குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் கீபோர்டை விற்றுவிட்டு வேறு வழி பேசலாம், அப்போதும் ஈ.பி.எஃப். காசு உங்கள் கணக்கில் இருக்கும்.

இந்த மாதம் 30ஆம் திகதிக்குள் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று மாமா அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள்.