புதுக் காரில் எல்லா வசதியும் இருக்கும்போது, பழைய மொரிஸ் மைனரை ஏன் தேடி அலைகிறார்கள்?

பாதுகாப்பு என்று பார்த்தால் போட்டியே இல்லை, புதுக் கார்தான். மைனரில் ஏர்பேக் கிடையாது, நான்கு சில்லுக்கும் பழைய வகை டிரம் பிரேக்தான். குடும்பத்தோடு இரவில் கொழும்புக்குப் போக நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஓட்டுகிற சுகம் வேறு. பிரிட்டிஷ் பொறியியலாளர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் ஸ்டீயரிங்கில் பவர் உதவி இல்லை; ரோட்டின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நேரே கைக்கு வரும். பொனெட்டைத் திறந்தால் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூட்டர், மின்சாரம் தரும் டைனமோ எல்லாம் கண்முன்னே. எஞ்சின் இடறினால் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தைத் தொட்டுவிடும் கருகிய பொயின்ற்றை அரத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும். இன்றைய காருக்கு முதலில் அதன் கணினியில் பிழையைப் படித்துச் சொல்லும் ஸ்கானர் வேண்டும். தன் வாகனத்தைத் தானே விளங்கிக்கொள்கிற அந்த உரிமைதான் எனக்குப் பெரிது.

ஆரம்பகால மைனர்களில் சிக்னல் லைட்டுக்குப் பதிலாகக் கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று வெளியே நீளும். திருகோணமலைக் கடற்கரை வீதியில் அப்படியொரு கார் திரும்பினால் சின்னப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள், பெரியவர்களும்தான்!

வாங்குவதென்றால் ஒன்று. எங்கள் ஊர் உப்புக்காற்று தகட்டைத் தின்றுவிடும். பெயின்ற் பளபளப்பில் மயங்காமல், கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டையும், கதவுக்குக் கீழுள்ள படித்தகட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் விட்டுவிடுங்கள், எஞ்சினைத் திருத்தலாம், உக்கிய உடலைத் திருத்தக் காசு தண்ணீராய்ப் போகும்.