வேகமே போட்டி

கேள்வி: பனிச்சறுக்கில் வேகத்துக்கென்றே தனிப் போட்டி இருக்கிறதாமே, அந்த ஆபத்தான விளையாட்டுக்கு வீரர்கள் எப்படி வருகிறார்கள்?

பதில்: முன்னணி வீரர்கள் சிலருக்கு அது குடும்பத்திலேயே ஊறியது. பிரான்ஸில் வார் என்னும் ஊரின் பனிச்சரிவில் 2023 மார்ச்சில் மணிக்கு 255.5 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி உலக சாதனை படைத்த சைமன் பில்லியின் தந்தை பிலிப், 1997-இல் அதே இடத்தில் 243.9 கிலோமீட்டரை எட்டி அன்றைய உலக சாதனையைத் தம் வசமாக்கியவர். சைமன் முறியடித்தது இத்தாலியரான இவான் ஒரிகோனேயின் சாதனையை. இவானோ தம் அண்ணன் சிமோனேயின் சாதனையை 2016-இல் முறியடித்தவர். உடலோடு ஒட்டிய வழுவழுப்பான உடை, தோள்வரை இறங்கும் தலைக்கவசம், 2.4 மீட்டர் நீளப் பலகைகள் ஆகியவற்றுடன், காற்று சற்றும் தடுக்காதபடி உடலைக் குறுக்கிக்கொண்டு இறங்கும் அந்த நுணுக்கத்தை, அனுபவப்பட்ட ஒருவர் அருகிலிருந்து கற்றுத்தருவது பெரும் பேறு என்றே கருதுகிறேன்.